நான்காம் குழியின் கரி

ஜூன் 9

மானாமதுரையில் பஸ் மாறி, சிறுகுளத்தூர் விலக்கில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகாத வெயிலில் நடந்து வந்து சேர்ந்தேன். ஓட்டுமேடு என்று ஊரார் சொல்லும் இடம் இதுதான். கால் வைக்கும் இடமெல்லாம் பானை ஓடு நறநறவென்று நொறுங்குகிறது. கயல் குழிக்குள் இருந்து ஏறி வந்து, சேறு பூசிய கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். வெள்ளைச் சேலை கட்டி வந்தது என் புத்தி.

அங்கயற்கண்ணி என்ற கயலும் நானும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. அவள் வரலாறு படித்து மண்ணுக்குள் இறங்கினாள். நான் வேதியியல் படித்து ஆய்வகத்துக்குள் போனேன். இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து வேலை பார்ப்பது இதுதான் முதல் தடவை. இந்த அகழாய்வுக்கு அவள் இயக்குநர். மாதிரிகளை எடுத்து, பொதிந்து, கால ஆய்வுக்கு அனுப்பும் பொறுப்பு என்னுடையது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். அகழாய்வு அனுமதி செப்டம்பர் வரைதான். மேட்டில் பாதி செங்கல் சூளைக்காரர் முத்திருளப்பனின் பட்டா நிலம். அனுமதி முடிந்த மறுநாளே மண் அள்ளக் காத்துக்கொண்டிருக்கிறார்.

"ஒரு நல்ல தேதி வேணும்டி சகாயம். நம்ம மேடு ரொம்பப் பழசுன்னு ஒரு பேப்பர் சொன்னா போதும், எவனும் கை வைக்க மாட்டான். இல்லன்னா இம்புட்டும் செங்கல்லாப் போயிரும்."

"தேதி என்ன, நான் வீட்ல சுட்டுக் கொண்டாந்த முறுக்கா? வாரதுதான் வரும்," என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜூன் 10

வேலையாட்களுக்கு விதிமுறைகளைச் சொன்னேன். கரியை வெறுங்கையால் தொடக் கூடாது. பிளாஸ்டிக் பையில் போடக் கூடாது, அலுமினியத் தாளில்தான் பொதிய வேண்டும். குழிப் பக்கம் பீடி கூடாது, வெற்றிலை எச்சில் கூடாது. பெண்கள் குழுவுக்குத் தலைவி போல இருக்கும் ராக்காயி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பிரியாணிப் பொட்டலம் கணக்கா மடிக்கணும், அம்புட்டுதான லேபம்மா?" என்று கேட்டாள். இன்றிலிருந்து நான் லேபம்மா.

ஜூன் 17

துணி துவைத்தேன். இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது.

ஜூன் 24

நான்காம் குழியில் ஒரு அடுப்பு கிடைத்தது. இறுகிய தரை, மூன்று கற்கள், நடுவில் கரி. யாரோ ஒருத்தி சோறு பொங்கிவிட்டு அப்படியே எழுந்து போயிருக்கிறாள். எனக்கே சிலிர்த்தது. அடுப்பின் ஒரு பாதி இடைச்சுவருக்கு அடியில் போகிறது. இரண்டு குழிகளுக்கு நடுவே வெட்டாமல் விட்டு வைக்கும் சுவர் அது. மண்ணடுக்குகளுக்கு அதுதான் சாட்சி என்பதால் கடைசி நாள் வரை அதைத் தொடக் கூடாது. வெளியே தெரியும் பாதியிலிருந்து நாளைக்கு நானே இறங்கிக் கரி எடுப்பதாக ஏற்பாடு.

அந்த நேரத்தில் கயல் அடுப்போரம் கிடந்த ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். எலும்பானால் நாக்கில் ஒட்டும், கல்லானால் ஒட்டாது என்பது இவர்கள் கணக்கு. "ஏட்டி, அதைக் கீழ போடு. எச்சி பட்டா எனக்கு எதுக்கு ஆகும்?" என்று சத்தம் போட்டேன். கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டேன் போலிருக்கிறது. எல்லாரும் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள்.

கயல் அந்தத் துண்டைத் துடைத்துப் பையில் போட்டாள். பிறகு, "நீ எதையுந்தான் தொட மாட்ட. தள்ளி நின்னே காலத்த ஓட்டிட்ட. எல்லாரும் அப்பிடி இருக்க முடியுமாடி?" என்றாள்.

ராக்காயி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வேலைக்குள் இதெல்லாம் சகஜம். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவளைப் பார்த்து இப்படிச் சொல்வது அவளுக்கு எப்படி மனசு வந்தது என்றுதான் யோசிக்கிறேன். மற்றபடி எனக்கு வருத்தம் இல்லை.

ஜூன் 25

இரவெல்லாம் கோடை மழை. தார்ப்பாய் கிழிந்து நான்காம் குழியில் முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்துத் தோட்டத்தில் ஆயில் எஞ்சின் இரவல் வாங்கி வந்து இறைக்கிறார்கள். எனக்குத் தலைவலி. பள்ளிக்கூடக் கட்டிடத்தில் எங்களுக்கு ஒதுக்கிய அறையிலேயே இருந்துவிட்டேன். தடதடவென்று எஞ்சின் சத்தம் மண்டைக்குள் இடித்தது.

சாயங்காலம் ராக்காயி டீ கொண்டுவந்தாள். "குழித் தண்ணியப் பாத்தியளா லேபம்மா? மயிலு கழுத்து கணக்கா மின்னுது."

"சரி, டீயை வச்சிட்டுப் போ," என்றேன்.

ஜூன் 26

தலைவலி இன்னும் விடவில்லை. கரியைக் கயலே எடுத்து ராக்காயியிடம் கொடுத்தனுப்பினாள். அலுமினியத் தாளில், நான் சொல்லிக்கொடுத்த அதே மடிப்பில், மூலை பிசகாமல். என்னைக் குத்திக்காட்டத்தான் அத்தனை சுத்தமாக மடித்திருக்கிறாள்.

ஈரமாக இருந்ததால் உலர்த்தி, எடை போட்டு, கொஞ்சம் துணுக்குகளை இங்கே வைத்துக்கொண்டு மீதியை அனுப்பினேன். அடுத்த அறைதான் சமையலறை. அங்கிருந்து ஸ்டவ் நாற்றம் வந்துகொண்டே இருந்தது, சமையல்காரரை இரண்டு முறை திட்டினேன். கால ஆய்வுக்கூடத்திலிருந்து வழக்கமான கேள்விகள் வந்தன. வழக்கமான பதில்களைப் போட்டேன்.

ஜூலை 2

ஒரு வாரமாகப் பேசாதவள் இன்று காலை என் மேஜையில் ஒரு பொட்டலம் நாவல் பழத்தை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். நானும் எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நாக்கை நீட்டி, "நீலமா இருக்கா?" என்று கேட்டாள். விடுதியிலும் அவள் மன்னிப்புக் கேட்கும் முறை இதுதான். அப்போது கொய்யா.

ஜூலை 24

தேதி வந்துவிட்டது!

கி.மு. பதினொன்றாம் நூற்றாண்டு. கயல் மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். நான்காம் முறை அவளே வாங்கி வாசித்தாள். பிறகு குழிக்கு ஓடினாள். இந்த வயதில் அப்படி ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ சேமியா பாயசம் போடச் சொல்லிச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டார்கள். சென்னையிலிருந்து மேலதிகாரி பேசினார். ஆகஸ்ட் எட்டாம் தேதி இங்கேயே பந்தல் போட்டுப் பத்திரிகையாளர் கூட்டம்.

"மேடு பொழச்சிருச்சுடி," என்று கயல் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் தலையில் மண் வாடை அடித்தது.

ஜூலை 25

எனக்கு ஏன் சந்தோஷமாக இல்லை?

போன வருட அகழாய்வில் கயல் இதே குழியின் மேலடுக்கில் எடுத்த கரிக்கு கி.மு. நான்காம் நூற்றாண்டு என்று வந்திருக்கிறது. அந்த அடுக்குக்கும் அடுப்புக்கும் இடையே ஒரு சாண் மண்தான். ஒரு சாணுக்குள் எழுநூறு வருடம் எப்படி அடங்கும்? கயலிடம் கேட்டேன்.

"நடுவுல ஊரு ஆளில்லாமக் கெடந்திருக்கும்."

"அப்படின்னா காத்து அடிச்சிக் கொண்டாந்த மண்ணு பட்டையாத் தெரியணும்லா? இடைச்சுவர்ல அப்படி ஒண்ணும் இல்லையே."

"எல்லாத்துக்கும் நொட்டை சொல்லுவியா நீ?" என்றாள் சிரித்துக்கொண்டே.

ஜூலை 29

அந்தச் சண்டைக்குப் பிறகு இன்றுதான் நான்காம் குழிக்குள் இறங்கினேன்.

மற்ற மூலைகளில் எல்லாம் எறும்பு புற்று வைத்திருக்கிறது. அடுப்புக்கு மேலே உள்ள மூலையில் மட்டும் ஒரு எறும்பு இல்லை. மண் கொஞ்சம் கறுத்திருந்தது. வெயில் ஏற ஏற நாற்றம் கிளம்பியது. சமையல்காரரை நான் திட்டிய அதே நாற்றம்.

"இந்த மூலையில என்னத்த ஊத்துனிய?" என்று ராக்காயியைக் கேட்டேன்.

"நாங்க என்னத்த ஊத்துனோம்? அன்னைக்கு மழைத் தண்ணி எறைக்கல? ஓசுக் குழாயி எட்டல. அதான் எஞ்சினத் தூக்கி இங்கன, குழி வெளிம்புல எறக்குனோம். அது பழைய எஞ்சினு, டீசல் டேங்கு ஒழுகிக்கிட்டே கெடந்துச்சு. நாந்தான் உங்ககிட்ட வந்து சொன்னேனே, தண்ணி மின்னுதுன்னு."

சொன்னாள். நான் டீயை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

மனதைத் தெளிவாக்கிக்கொள்ள எழுதி வைக்கிறேன். உயிருள்ள மரம் காற்றிலிருந்து ஒருவகைக் கரியணுவை வாங்கிக்கொண்டே இருக்கும். செத்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் வயது சொல்கிறார்கள். டீசலோ கோடிக்கணக்கான வருடம் பூமிக்குள் கிடந்த சரக்கு, அதில் அந்தக் கரியணு துளிகூட இருக்காது. கரித்துண்டில் கொஞ்சம் டீசல் ஊறினாலும் போதும், அடுப்பு நூற்றுக்கணக்கான வருடம் கிழடாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் அமிலத்திலும் காரத்திலும் கழுவுவார்கள், எண்ணெய் அதற்கெல்லாம் அசையாது. எண்ணெய் பட்டிருக்கிறது என்று நாம் சொன்னால்தான் அதற்கென்று தனியாகக் கழுவுவார்கள்.

எண்ணெய் பட்டதா என்பது அவர்கள் கேட்ட வழக்கமான கேள்விகளில் ஒன்று.

நாளைக்குக் கயலிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 30

சொல்லவில்லை. அவள் மதுரைக்குப் போய்ப் பந்தலுக்கு ஏற்பாடு செய்துவிட்டுக் களைத்து வந்தாள்.

ஜூலை 31

சொல்லவில்லை. உறுதிப்படுத்தாமல் எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 2

உறுதிப்படுத்திவிட்டேன். கையில் மிச்சம் வைத்திருந்த கரித் துணுக்குகளைக் கரைப்பானில் ஊறவைத்து, அந்தத் திரவத்தில் ஒரு சொட்டை வடிதாளில் விட்டுக் காய வைத்தேன். வடையை வைத்து எடுத்த காகிதம் போல எண்ணெய் வட்டம் நின்றது. மறுபடி கால ஆய்வுக்கு அனுப்ப இனி ஒரு சிட்டிகை கரிகூட மிச்சமில்லை.

மாதாவே, தேதி வந்த அன்று அவள் அழுத அழுகை என் தோளை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 4

சொல்லிவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வேலமர நிழலுக்குப் போன பிறகு, குழியோரம் உட்கார்ந்து வடிதாளைக் காட்டி ஆதியிலிருந்து சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் தன் போனை எடுத்து ஒரு படத்தைத் தேடிக் காட்டினாள். குழி நிறையத் தண்ணீர், அதன்மேல் பச்சையும் ஊதாவுமாக வளைந்து வளைந்து ஒரு மினுமினுப்பு.

"அழகா இருக்கேன்னு எடுத்தேன்டி. ஒனக்குக் காட்டணும்னுதான் எடுத்தேன். நீதான் என்னைய மூஞ்சி குடுத்துப் பாக்கவே இல்லையே."

என்னால் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"டீசல்தான, நீங்க கழுவுற கழுவுல போயிரும்னு நெனச்சேன். நீ எதையும் கழுவாம விட மாட்டியே." போனை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"போன செவ்வாக்கெழம."

"இத்தன நாளா என்கூட ஒக்காந்து சோறு தின்னுருக்க."

"உறுதியாத் தெரியாம எப்படிட்டி சொல்லுவேன்?"

"சரி. அன்னைக்கு ஏன் குழிக்கு வரல?"

"தலைவலி."

"தலைவலி," என்று அவளும் சொன்னாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

இடைச்சுவருக்கு அடியில் அடுப்பின் மறுபாதி இருக்கிறதே, அதை எடுத்து அனுப்பலாமே என்றேன். சுவரை இப்போது வெட்டினால் இதுவரை தோண்டியதற்கெல்லாம் சாட்சி போய்விடும், மேலிடமும் ஒத்துக்கொள்ளாது, கூட்டமோ வெள்ளிக்கிழமை என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பொய் சொல்ல வேண்டாம்டி. நான் சொல்லிக்கிறேன். அனுமதிய நீட்டிச்ச பேப்பர் கைக்கு வரட்டும், அடுத்த வருசம் நல்ல கரியா எடுத்து நாமளே திருத்திப் போட்ருவோம். அதுவரைக்கும் நீ பேசாம மட்டும் இரு. அது ஒனக்கு நல்லா வரும்."

கடைசி வார்த்தையை அவள் வேண்டுமென்று சொன்னாளா, வாய் தவறி வந்ததா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 5

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று சொல்கிறாள். ஒரு வருடம்தானே என்கிறாள். இதே தேதியைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். பிறகு யாராவது ஒருவன் எங்கிருந்தோ வந்து பொய் என்று நிரூபிப்பான். அன்றைக்கு இந்த மேடு மட்டும் சிரிப்பாய்ச் சிரிக்காது, இந்த நாட்டில் தோண்டிய எல்லாக் குழியும் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

இதையெல்லாம் என்னால் கணீரென்று எழுத முடிகிறது. ஆனால் செங்கல்லாகப் போவது என் மேடு இல்லையே.

ஆகஸ்ட் 6

மேலதிகாரிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் கடிதம் எழுதி, அனுப்புவதற்கு முன் கயலிடம் காட்டினேன். கரியில் டீசல் பட்டிருக்கிறது, அந்தத் தேதியை நம்ப முடியாது, எண்ணெய் பட்டதா என்ற கேள்விக்குக் குழியைப் பார்க்காமலே இல்லை என்று பதில் சொன்னவள் நான். அவ்வளவுதான் கடிதம்.

அவள் நின்றபடியே வாசித்தாள். "என் பேரு இதுல இல்லையே?"

"நீ என்ன செஞ்ச? தப்பு எம்மேல."

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா சரியாப் போச்சா? மேடு யாருதுடி?"

அவள் வெளியே போன பிறகு அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 8

கூட்டம் ரத்து. பந்தல்காரர்கள் பாதி கட்டிய பந்தலைப் பிரித்தார்கள். நாற்காலிகளை வண்டியில் ஏற்றக் கயலும் கை கொடுத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. முத்திருளப்பன் பைக்கில் வந்து, பாதையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 14

உத்தரவு வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது, குழிகளை மூட வேண்டும், அனுமதி நீட்டிப்பு இல்லை. என்னை உடனே திரும்பி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 16

கிளம்பினேன். கயல் நான்காம் குழிக்குள் குனிந்திருந்தாள். மேலே நின்று, "வாரேன் கயலு," என்றேன். நிமிரவில்லை. மறுபடி சொன்னேன். கொத்துக் கரண்டி மண்ணைச் சுரண்டும் சத்தம்தான் வந்தது.

ராக்காயி பெட்டியை வாங்கிக்கொண்டு விலக்கு வரை வந்தாள். "அடுத்த மாசத்துலருந்து எங்களுக்கு எங்க வேலை லேபம்மா? சூளையிலதான்," என்றாள். அதில் கோபம் ஒன்றும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 27

கயலுக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 3

எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள் என்று தெரிந்தும் செய்கிறேன். சரியானதைச் செய்தேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரியானதைச் செய்தவள் நிம்மதியாகச் சாப்பிடுவாள் என்று எவன் சொன்னான்?

செப்டம்பர் 11

கூரியரில் ஒரு பெட்டி வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவே அலுமினியத் தாள் பொட்டலம், மூலை பிசகாத மடிப்பு.

சீட்டில் அவள் கையெழுத்து. நான்காம் குழி, இடைச்சுவருக்கு அடியில், அடுப்பின் மறுபாதி. மூடுகிற நாள் வந்ததும் இனி சாட்சிக்கு வேலையில்லை என்று சுவரை வெட்டி எடுத்திருக்கிறாள். மழைத் தண்ணீர் எட்டாத பக்கம். கரியோடு கருகிய சோளமணிகளும் இருந்தன. சீட்டின் அடியில் எழுதியிருந்தாள்: "மோந்து பாத்துட்டேன். டீசல் இல்ல. நாக்குல வைக்கல. நீயும் ஒருக்கா மோந்து பாரு."

கையுறை மாட்டவில்லை. பொட்டலத்தைப் பிரித்து முகத்தருகே கொண்டுபோனேன். கண்ணீர் அதில் விழாமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆய்வுக்கூடத்தின் கேள்விகளைத் திறந்தேன். அதே கேள்வி. மாதிரியில் எண்ணெய், எரிபொருள் ஏதேனும் பட்டதா? ஃபோனை எடுத்தேன். இந்தத் தடவை அவளும் எடுத்தாள்.

"மோந்தியா?"

"மோந்தேன்."

அவளுக்குப் பின்னால் தடதடவென்று எஞ்சின் சத்தம்.

"அது என்ன சத்தம் கயலு?"

"ட்ராக்டரு. மண்ணு அள்ளுறாய்ங்க. பானை ஓடு வச்ச பெட்டியெல்லாம் ஏத்த வந்தேன். வந்த எடத்துல இவிங்களும் வந்துட்டாய்ங்க."

"நாலாங் குழிப் பக்கமா?"

"இன்னும் அங்கிட்டு வரல."

"நீ ஏண்ட்டி அங்கன நிக்க? வீட்டுக்குப் போ."

"போறேன். ஒனக்கு என்ன வேணும், அதக் கேளு."

அவ்வளவு சத்தத்தில் அவள் காதில் விழும்படி உரக்கக் கேட்க வேண்டியிருந்தது. "இந்தக் கரியில எண்ணெய் கிண்ணெய் ஏதும் பட்டுச்சா?"

"படல சகாயம். எங்கையால எடுத்தேன்."

இல்லை என்று எழுதினேன். அவள் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ட்ராக்டர் நின்று மறுபடி கிளம்பும் வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.